செமேக்காரி விதைக்கட்டும்

எங்கள் லுவோ ஜனங்களின் ஊரில் மழைக்கு முன்னால் எத்தனை சண்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மழை விழுந்த பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை ஆகாது. அதுவும் மூத்தாளோடு ஆகவே ஆகாது. மாவு மில் வைத்திருப்பவன் சொல்கிறேன், அடுத்த வருஷம் ஒரு வீட்டில் களிக்கு மாவு இருக்குமா இருக்காதா என்பதை அந்த வீட்டு மூத்தாளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் பங்காளி அண்ணன் ஒபூயாவுக்கு இரண்டு பெண்டாட்டிகள். மூத்தவள் அகெயோ, செமே ஊரிலிருந்து வந்தவள். இளையவள் அகுமு, உயோமாக்காரி. வேலிக்குள் நுழைந்தால் நேர் எதிரே மூத்தாள் வீடு. அதற்கு வலப்பக்கம் இளையாள் வீடு. வாசலையொட்டி மகன்களின் வீடுகள். விதைப்புக்கும் இதே மாதிரி ஒரு வரிசை இருக்கிறது. முந்தின இரவு வீட்டுக்காரர் மூத்தாள் வீட்டில் தங்கவேண்டும். விடிந்ததும் அவள் கையால் முதல் விதை விழவேண்டும். பிறகு இளையாள், பிறகு மருமகள்கள். வரிசை தப்பினால் வீட்டில் யாராவது இளைத்து இளைத்தே போய்ச்சேர்வார்கள் என்பது நம்பிக்கை. கிசுமு டவுனில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதைக் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டு, அம்மா விதைத்துவிட்டாளா என்று போன் போட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மழை நன்றாகவே இறங்கியது. ஏரிப்பக்கம் மதியத்தில் கறுத்துக் கட்டி, சாயங்காலம் தகரக் கூரையெல்லாம் அதிர அடித்தது. மறுநாள் காலையில் ஊரே மாட்டை ஓட்டிக்கொண்டு வயலில் நின்றது. ஒபூயா வீட்டு நிலமும் உழுது ஈரத்தோடு கிடந்தது. ஆனால் விதைப்பு இல்லை. அகெயோ அண்ணி தன் வீட்டு வாசலில் ஒமேனா மீனைக் காயப்போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணனோடு பேச்சு இல்லை. அண்ணனுக்குச் சோறும் இல்லை. இளையாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மூத்தாள் வீட்டுப் புகையை மோந்து பார்த்தபடி திரிந்தார்.

எல்லாவற்றுக்கும் ஒரு பலகைதான் காரணம்.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கொஞ்ச காலமாக எங்கள் ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். குறை சொல்லக்கூடாது, நல்ல பிள்ளைகள். சுடுமல்லிக் களைக்கு அடங்காத சோள விதை கொண்டுவந்தார்கள். சேற்றில் இறங்கினார்கள், களியும் ஒமேனாவும் முகம் சுளிக்காமல் தின்றார்கள். அவர்களுக்குத் தலைவி டாக்டர் அவினோ. எங்கள் லுவோ இனத்துப் பெண்தான், ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். ஊரோடு சேர்ந்து உழைக்கிற பல்கலைக்கழகம் என்று ஓர் அங்கீகாரம் உண்டாம். நாடு நாடாகப் போய்ப் பார்த்துக் கொடுக்கிற முத்திரை. அதற்கு இவர்கள் மனுப் போட்டிருந்தார்கள். பார்க்க வருகிற குழுவுக்கு முன்னால் புது விதையை விதைத்துக் காட்டுவது என்றும், காட்டுகிற வயலுக்கு வெயிலில் ஓடுகிற தண்ணீர் மோட்டார் ஒன்று தருவது என்றும் ஏற்பாடு. ஓடையை ஒட்டியிருந்த அகுமுவின் நிலத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். நிலம் யாருடையது என்று கேட்டார்கள், அகுமுவுடையது என்றோம். பெரிய பலகையில் அகுமு பெயரை எழுதிக்கொண்டு வந்தார்கள். எங்கே நடலாம் என்று கேட்டதற்கு அண்ணன் வேலி வாசலைக் காட்டினார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டுமே என்று நினைத்தார் மனுஷன். எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலில் இளையாள் பெயர் எழுதி நின்றதை ஊரே பார்த்தது. அகெயோ அண்ணியும் பார்த்தாள்.

ஊர் வயல்களில் முளை தலைகாட்டியாயிற்று. குழு வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் அவினோ என் மில்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அகுமு மக்காச்சோள வாளியோடு வரிசையில் நின்றாள். அவளைச் சுற்றி நின்ற பெண்கள் நேரம் போவதற்கு அவளையே மென்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன உயோமாக்காரி, எங்க வயல்லாம் பச்சை கட்டிருச்சு. உங்க வயல்ல இன்னும் கொக்கு மேயுது."

"கொக்காவது வருதே. உன் வயலுக்கு உன் புருஷனே வர்றதில்லையாமே."

"எம் புருஷன் வயலுக்கு வராட்டியும் வீட்டுக்கு வந்துருவாரு. உங்க வீட்டுலதான் மனுஷன் முற்றத்துல நின்னு எந்தக் கதவுன்னு யோசிக்கிறாராம்."

சிரிப்பில் மாவு பறந்தது. அகுமுவும் சிரித்தாள், ஆனால் டாக்டரைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"அகுமு, வயலைப் பார்த்துட்டு வர்றேன். ஏன் இப்படி வெறுமையா கிடக்கு? ஈரம் போயிடும்ல?" என்றாள் டாக்டர்.

"அக்கா இன்னும் விதைக்கல, டாக்டர்."

"எந்த அக்கா?"

"எங்க வீட்டுல எத்தனை அக்கா இருக்கு?"

டாக்டருக்கு விளங்கிவிட்டது. லுவோப் பெண் ஆயிற்றே, விளங்காமல் இருக்குமா. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான் அதை யோசிச்சேன் அகுமு, யோசிக்காம இல்ல. விதை யுனிவர்சிட்டியோடது, வயலும் இந்தப் போகத்துக்கு எங்க பொறுப்பு. வீட்டு விதைப்போட இது சேராதுன்னு நினைச்சேன். ஒண்ணு செய்யலாம். எங்க பிள்ளைங்களே விதைச்சிரட்டும். நீ கை வைக்க வேண்டாம்."

அகுமு வாளியைக் கீழே வைத்தாள். "உங்க பிள்ளைங்க விதைச்சிட்டு வண்டியேறிப் போயிருவாங்க. முளைக்கிறது எங்க வேலிக்குள்ள. அறுக்கிறது நான். திங்கிறது என் பிள்ளைங்க. மண்ணுக்கு என்ன தெரியும், இது யுனிவர்சிட்டி விதை, இது வீட்டு விதைன்னு?"

"அப்ப வேற வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். பார்க்க வர்றவங்ககிட்ட வெறும் நிலத்தைக் காட்ட முடியாது."

"வேற வீடுன்னா, மோட்டாரும் அங்கதானா?"

டாக்டர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள். அதுவே பதில். அகுமு வருஷக்கணக்காக மஞ்சள் கேனைத் தலையில் சுமந்து ஓடைக்கும் கீரைப் பாத்திக்கும் நடந்தவள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. அந்தக் கீரையை பொண்டோ சந்தையில் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். மோட்டார் வந்தால் பாத்தியைப் பெரிதாக்கலாம் என்று குச்சி நட்டு எல்லைகூடப் போட்டு வைத்திருந்தாள். மில்லை நிறுத்திவிட்டு, "வாங்க டாக்டர், அண்ணிகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

கொழுந்தனுக்கு அண்ணியைக் கேலி பண்ண உரிமை உண்டு. அந்தத் தைரியத்தில்தான் போனேன். அகெயோ அண்ணி மீனைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, உங்க மீனுக்கு இருக்கிற ஈரம்கூட எங்க அண்ணன் மேல இல்லையா உங்களுக்கு?"

"மீனு பேசாம கிடக்கும் கொழுந்தனாரே. அதான் அதுமேல ஈரம்." டாக்டரைப் பார்த்து முக்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காரு மகளே. டீ குடிக்கிறியா?"

டாக்டர் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அம்மா, பலகையில தப்பு நடந்துபோச்சு. அது எங்க தப்பு. நாளைக்கே வேற பலகை எழுதிட்டு வர்றேன். உங்க பேரு மேல, அகுமு பேரு கீழ."

அண்ணி சிரித்தாள். "எம் பேரை எதுக்கு மகளே பலகையில எழுதணும்? சிலுவையில எழுதற காலம் வரும்போது எழுதிக்கலாம். இந்த வீட்டுல நான் மூத்தவன்னு எழுதிக்காட்டித்தான் தெரியணுமா?"

"அப்ப பலகையை எடுத்துரட்டுமா?"

"எதுக்கு? அந்த நிலம் அவளோடது. அவ உழைக்கிறா, அவ பேரு இருக்கட்டும். உயோமாக்காரி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உன் மேலயும் இல்ல. நீ ஊருக்குப் புதுசு, கேட்ட, காட்டினாங்க, நட்ட. இந்த வாசலைக் காட்டினது யாரு? எனக்குக் கல்யாணமாகி வந்தப்ப இந்த வேலி இல்ல. நானும் அவரும்தான் குழி தோண்டி முள்ளு நட்டோம். அந்த வாசல்ல ஒண்ணு நடறதுக்கு முன்னாடி, 'அகெயோ, இதை இங்க நடட்டுமா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். கேட்டிருந்தா நானே கல்லு வச்சு இறுக்கியிருப்பேன்."

"அவரு இப்ப வந்து கேட்டா?"

"பகல்ல, ஊரு பார்க்கத்தானே பலகை நட்டாரு. பகல்ல, ஊரு பார்க்கவே என் வாசலுக்கு வரட்டும். இருட்டுல பூனை மாதிரி வந்தா பாலு கிடைக்காது."

டாக்டர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைத் தேடிப் போனேன்.

ஒபூயா அண்ணன் மாட்டுக் கொட்டிலில் நுகத்தடியைச் சீவிக்கொண்டிருந்தார். உழவே முடிந்துவிட்டது, இனி நுகத்தடிக்கு என்ன வேலை? கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணே, ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். பல்லு இருக்கிறவன் சிரிக்கிறான்."

"ஒரு எட்டு போய் அண்ணியைக் கூப்பிடக்கூடாதா?"

"நான் எதுக்குப் போகணும்? கதவைச் சாத்தினது யாரு? இத்தனை நாளா எனக்கு ஒரு வாய் களி போடாதது யாரு? நான் போய் நின்னேன்னா, மருமகளுங்க ஜன்னல் வழியா பார்த்துச் சிரிக்கும். என் வீட்டுல நானே பிச்சைக்காரனாட்டம் நிக்கணுமா?"

"அகுமுவுக்கு மோட்டார் போயிருமே அண்ணே."

சீவின உளி நின்றது. "அதுதான் தம்பி என்னைத் தின்னுது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வீம்பு பிடித்தவர், வீம்பை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியாதவர். எங்கள் வம்சத்து ஆண்கள் எல்லாருக்கும் அந்த வியாதி உண்டு, எனக்கும் உண்டு.

குழு வருவதற்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரம், மாவு மூட்டையை இறக்க அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அகுமு வந்தாள். கையில் விதைப் பை. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அகுமு கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"அக்கா, நாளைக்கு அவங்க முன்னாடி நான் விதைச்சிட்டா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? பார்த்துக்கிட்டு இருப்பேன். உன் கையை யாரு பிடிச்சா?"

"யாராவது பிடிச்சா நல்லாருக்கும்போல இருக்கு."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அகுமு தலை நிமிரவில்லை.

"பயமா இருக்கா உயோமாக்காரி?"

"பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம் இருக்கு. அதைவிட, நான் தாண்டிப் போயிட்டேன்னா நாளைக்கு உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னுதான் அதிகமா இருக்கு. என் மூத்தது பிரசவத்துல குறுக்கே திரும்பி இடக்கு பண்ணினப்ப, பொண்டோ ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் தூக்கிட்டு ஓடினது நீங்கதானே. ஆனா இந்தக் கழுத்தைப் பாருங்கக்கா. இன்னும் எத்தனை வருஷம் நான் சுமக்கறது?"

அண்ணி கீரையை மடியில் போட்டுவிட்டு அகுமுவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. நான் மூட்டையை வைக்க இடம் தேடுகிற மாதிரி நின்றேன்.

"உனக்கு மோட்டார் வரணும்னு எனக்கும் ஆசைதான்டி. ஆனா நான் இப்ப இறங்கிப் போயிட்டேன்னா, அப்புறம் என் மருமகளுங்க புருஷனுங்க ஒவ்வொருத்தனும் இதையே பண்ணுவான். பெண்டாட்டியைக் கேக்க வேண்டாம், மழை வந்தா அவளா வந்து விதைச்சிருவான்னு. ஒருநாள் உனக்கும் அதையே பண்ணுவாரு."

அகுமு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீரையில உப்பு கம்மியா போடுங்க, உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிட்டு விதைப் பையோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் குழு வந்துவிட்டது. மூன்று பேர். தலைவி கானா நாட்டுக்காரி, புரொஃபசர் செர்வா, உயரமான பெண், தலையில் கட்டின துணியே ஒரு வீடு மாதிரி இருந்தது. கூட ஒரு வெள்ளைக்காரர். மூன்றாவது ஆள் உகாண்டாவின் டொரோரோ பக்கத்து மனுஷர், வாயே திறக்காமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அகுமு வீட்டு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணன் தன் சொந்த நாற்காலியில், நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு, விறைத்து உட்கார்ந்திருந்தார். ஊரே வேலிக்குள் இருந்தது. அகெயோ அண்ணி தன் வாசலில் இருந்தபடியே பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான், பேசுவதெல்லாம் கேட்கும்.

வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த செர்வா அம்மாள் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். டாக்டர் அவினோ அதை எங்கள் பேச்சில் சொன்னாள். "ஊரெல்லாம் முளைச்சு நிக்குது. உங்க வயல் மட்டும் ஏன் விதைக்காம கிடக்குன்னு கேக்கறாங்க."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். சொல்வதற்கு என்ன இருக்கிறது? பெண்டாட்டி பேசவில்லை என்று கானா நாட்டுக்காரியிடமா சொல்வது?

டாக்டர் அவினோ அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு செர்வா அம்மாளின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள். விதை தாமதமாக வந்தது, தாமதம் செய்தது பல்கலைக்கழகம், தப்பு எங்களுடையது. வெள்ளைக்காரர் உடனே எதையோ எழுதிக்கொண்டார். கூட வந்த பல்கலைக்கழகத்துப் பெரிய அதிகாரிக்கு முகம் சாம்பலாகிவிட்டது. இத்தனை நாள் உழைத்ததை அந்தப் பெண் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டாள், எங்கள் அண்ணன் மானத்தைக் காப்பாற்ற.

அகெயோ அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை பார்த்தவள். பேச வராவிட்டாலும் அவளுக்கு இங்கிலீஷ் புரியும். எழுந்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லுது," என்றாள் எங்கள் பேச்சில். "விதை நேரத்துக்கு வந்துச்சு. மழையும் நேரத்துக்கு வந்துச்சு. நேரத்துக்கு வராதது என் வீட்டுக்காரர்தான்."

டாக்டர் மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே அந்த டொரோரோ மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஊர்ப் பேச்சும் எங்கள் பேச்சும் பங்காளிகள் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சிரித்ததும் பெண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரித்ததும் ஊரே சிரித்தது.

அண்ணன் எழுந்தார். "நான் வர மாட்டேன்னா சொன்னேன்? நீ கூப்பிடல."

"என் வீட்டுக்கு வர உங்களுக்குக் கூப்பாடு வேணுமா? வேலி வாசல்ல பலகை நடறதுக்கு மட்டும் யாரையும் கேக்க வேண்டாம், பெண்டாட்டி வீட்டுக்கு வர்றதுக்கு அழைப்பு வேணுமாக்கும்."

"கதவு சாத்தியிருந்துச்சு."

"சாத்தியிருந்துச்சு, பூட்டியிருந்துச்சா?"

செர்வா அம்மாள் டாக்டரின் பக்கம் குனிந்து, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். டாக்டர் திணறினாள். டொரோரோக்காரர்தான் பதில் சொன்னார்: விதைப்புக்கு நாள் குறிக்கிறார்கள்.

அண்ணன் சுற்றிப் பார்த்தார். ஜன்னல்களில் மருமகள்கள் தலை தெரிந்தது. பிறகு குனிந்தார். தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். கெட்டியான மரம், கனம் அதிகம். மகன் ஒருவன் உதவிக்கு வந்தான், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பி சரிய, பட்டப்பகலில், ஊரும் கானாவும் உகாண்டாவும் பார்க்க, முற்றத்தைக் கடந்து கொண்டுபோய் மூத்தாள் வாசலில் போட்டார். உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அகெயோ," என்றார். "கேக்காம நட்டது தப்புதான்."

அண்ணி அவரைப் பார்த்தாள். உடனே மனசு இளகிவிட்டது என்று காட்டிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. தொப்பியைத்தான் முதலில் நேராக்கினாள்.

"டீயில சர்க்கரை போடட்டுமா, இல்ல இளையாள் வீட்டுல குடிச்சுப் பழகின மாதிரி சும்மா குடிப்பீங்களா?"

"போடு," என்றார் அண்ணன்.

அப்புறம் என்ன, விருந்தாளிகள் நாற்காலியெல்லாம் மூத்தாள் வாசலுக்குப் போனது. டீயும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அங்கேயே நடந்தது. பொழுது சாய்ந்து குழு வண்டியேறிப் போனபோது வயல் வெறும் வயலாகத்தான் இருந்தது. காட்டவேண்டிய விதைப்பைக் காட்டவில்லை. டாக்டர் அவினோ என் மில் திண்டில் உட்கார்ந்து, "முடிஞ்சுது, எழுதினதை எழுதிட்டாங்க" என்றாள். அழவில்லை. "ஆனா அந்த நாற்காலி," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அன்று அண்ணன் எந்த வீட்டில் தங்கினார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

விடியற்காலையில் மண் குளிர்ந்து கிடந்தது. அகெயோ அண்ணி இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் நிலத்தில் இறங்கினாள். மண்வெட்டியால் ஒரு கொத்து, குழியில் விதை, பாதத்தால் ஒரு தள்ளு. அண்ணன் மாட்டுக் கொட்டிலில் நின்று பார்த்தார். அகுமு தன் வயல் வரப்பில் பையோடு தயாராக நின்றாள். மருமகள்கள் அவளுக்குப் பின்னால். நான் மில்லைத் திறக்காமல் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன்.

விமானம் பிடிக்கக் கிசுமுவுக்குப் போகிற குழுவின் வண்டி ரோட்டில் வந்து நின்றது அப்போதுதான். டொரோரோக்காரர்தான் நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும். விடிந்தால் விதைப்பு என்று முந்தின நாள் பேச்சிலேயே புரிந்துகொண்ட ஆள் அவர் ஒருவர்தானே. செர்வா அம்மாள் இறங்கினாள். வெள்ளைக்காரர் இறங்கினார். பின்னால் இன்னொரு வண்டியில் டாக்டர் அவினோ. செர்வா அம்மாள் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். தலைத்துணியை இறுக்கினாள். தன் அம்மாவும் இப்படித்தான் விதைப்பாள், ஒரு சால் நானும் போடட்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு காலை நிலத்தில் எடுத்து வைத்துவிட்டாள்.

டாக்டர் பதறிப்போய் அண்ணியிடம், "அம்மா, அவங்க—" என்று ஆரம்பித்தாள்.

அகெயோ அண்ணி நிமிரவில்லை. மண்வெட்டியை நீட்டி அந்தக் காலுக்கு முன்னால் மண்ணில் ஒரு கோடு போட்டாள்.

"அவங்க அம்மா நல்லா வளர்த்திருக்காங்க, சொல்லு. விதைக்கட்டும், நல்லா விதைக்கட்டும். ஆனா இப்ப இல்ல. எனக்கப்புறம் உயோமாக்காரி. அப்புறம் எம் மருமகளுங்க. அவங்க முறை அதுக்கப்புறம்."

டாக்டர் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். செர்வா அம்மாள் காலைப் பின்னுக்கு எடுத்தாள். விமானத்துக்கு நேரமாகிறது என்று வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. சேற்றுக் காலோடு நடந்துபோய்க் கடைசி மருமகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.